மோசடி மின்னஞ்சல்: அனுப்பியவரைத் தேடுவதும் புகார் செய்வதும் எப்படி?

மடல் ஸலாத்துடன் தொடங்குகிறது. எழுதியவர் தன்னை ஒரு விதவை என்கிறார். வளைகுடாவில் பெரிய வணிகராக இருந்த கணவர் மவுத்தாகிவிட்டார். தனக்குப் புற்றுநோய். பிள்ளைகள் இல்லை. வங்கியில் இருக்கும் பல லட்சம் டாலரை அநாதை இல்லங்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் கொடுக்க, நம்பிக்கையான ஒருவரைத் தேடுகிறாராம். பதில் போட்டால் அடுத்து ஒரு 'வக்கீல்' எழுதுவார். பத்திரச் செலவு, வரி, பணம் அனுப்பும் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நம் பணம் போய்க்கொண்டே இருக்கும். டாலர் மட்டும் வராது.

இது பழைய சரக்குதான். முன்பணம் கேட்டு ஏமாற்றும் இந்த வகைக்கு, நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து '419 மோசடி' என்றே பெயர் வந்துவிட்டது. மின்னஞ்சல் பரவுவதற்கு முன்பு இதே கதை தபாலிலும் ஃபேக்ஸிலும் வந்தது. ஆள் பார்த்துக் கதையை மாற்றுவதுதான் புதிது. நமக்கு வரும்போது ஸலாமும் ஸதகாவும் சேர்ந்து வருகின்றன. குறைந்த செலவில் ஹஜ், உம்ரா என்று ஒரு மடல். வளைகுடாவில் வேலை உறுதி, விசாவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள் என்று இன்னொன்று. துபாயில் இருக்கும் சாச்சாவின் பெயரிலேயே, "பர்ஸைத் தொலைத்துவிட்டேன், உடனே பணம் அனுப்பு, யாரிடமும் சொல்லாதே" என்று மற்றொன்று.

இப்படிப்பட்ட மடல்களை அழித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சிலர் கோபத்தில் பதில் எழுதித் திட்டுகிறார்கள். இன்னும் சிலர், மடலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்மீதே பழியைப் போட்டுவிடுகிறார்கள். இவை மூன்றாலும் பயனில்லை. மூன்றாவது, ஒரு நிரபராதியின் மானத்தையும் வாங்கிவிடும். மடல் உண்மையில் எந்த வழியாக வந்தது என்று பார்த்து, நடவடிக்கை எடுக்கக்கூடியவர்களிடம் ஆதாரத்துடன் புகார் செய்வதே சரியான வழி. அதற்குக் கணினிப் படிப்பு தேவையில்லை.

மடலில் தெரியும் பெயர் ஆதாரமல்ல

தபாலில் வரும் உறையின் 'அனுப்புநர்' இடத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதலாம். ஆனால் உறைமீது விழும் தபால் முத்திரையை எழுதியவர் குத்துவதில்லை, தபால் நிலையம்தான் குத்துகிறது. மின்னஞ்சலும் அப்படித்தான். இன்றும் மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் வெளியானது. ஒருவரையொருவர் நம்பிய ஆய்வாளர்களின் சிறிய வலையமைப்புக்காக எழுதப்பட்டதால், அனுப்புபவர் தன் முகவரியை உண்மையாகச் சொல்கிறாரா என்று சோதிக்க அதில் வழி வைக்கப்படவில்லை.

ஆகவே மடலில் 'ஃப்ரம்' என்ற இடத்தில் உங்கள் சாச்சாவின் பெயரோ, வங்கியின் பெயரோ, ஊர் ஜமாஅத்தின் பெயரோ இருந்தால் மூன்று வாய்ப்புகள் உண்டு. அவரே அனுப்பியிருக்கலாம். அவர் கணக்கின் கடவுச்சொல் திருடப்பட்டிருக்கலாம். அல்லது அவர் கணக்கையே தொடாமல் பெயரை மட்டும் யாரோ பயன்படுத்தியிருக்கலாம். பின்னிரண்டிலும் அந்த உறவினரும் பாதிக்கப்பட்டவரே. எனவே முதல் வேலை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரை அழைத்து விசாரிப்பது. மடலில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

'ரிப்ளை டூ' என்ற இடத்தையும் பாருங்கள். அனுப்பியவர் முகவரி சரியாக இருந்தும், பதில் போகும் முகவரியில் ஓரெழுத்து கூடியோ குறைந்தோ இருந்தால், அந்தக் கணக்கு பிறர் கையில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் செய்யக் கூடாதவை

1. மடலை அழிக்காதீர்கள். அதுதான் ஆதாரம்.

2. பதில் எழுதாதீர்கள், திட்டியும் எழுதாதீர்கள். இந்த முகவரியை ஒருவர் பயன்படுத்துகிறார் என்பது அவர்களுக்கு உறுதியாகிவிடும். மேலும் அதிகமாக மடல்கள் வரும்.

3. முன்பின் தெரியாத மடலில் இருக்கும் 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பை அழுத்தாதீர்கள். நீங்களே பதிவு செய்த கடை அல்லது நிறுவனத்தின் விளம்பரமானால் அழுத்தலாம்.

4. இணைப்புகளையும் கோப்புகளையும் திறக்காதீர்கள். 'படங்களைக் காட்டு' என்பதையும் அழுத்த வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்து, மடல் எப்போது திறக்கப்பட்டது என்று அறிந்துகொள்ள முடியும்.

5. சாதாரணமாக 'ஃபார்வர்டு' செய்து புகார் அனுப்பாதீர்கள். அப்படிச் செய்தால் மடல் வந்த வழி பற்றிய தகவல் அறுந்துவிடும்.

தலைப்பகுதியை எடுப்பது எப்படி?

ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் நாம் வழக்கமாகப் பார்க்காத ஒரு தலைப்பகுதி உண்டு. ஆங்கிலத்தில் இதை 'ஹெடர்' என்பார்கள். ஜிமெயிலைக் கணினி பிரவுசரில் திறந்து, மடலின் வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். யாஹூவில் அதே மூன்று புள்ளிகளுக்குள் 'வியூ ரா மெசேஜ்' இருக்கும். அவுட்லுக் இணையப் பக்கத்தில் 'வியூ மெசேஜ் சோர்ஸ்' என்பதைத் தேடுங்கள்.

ஜிமெயிலில் திறக்கும் பக்கத்தின் மேற்பகுதியில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். மடலை அனுப்பிய கணினிக்கு அந்த நிறுவனத்தின் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்பதை முதலாவது பார்க்கிறது. அனுப்பும் பக்கத்தில் இடப்பட்ட மின்னணுக் கையொப்பம் சரியா என்பதை இரண்டாவது பார்க்கிறது. அவை நம் கண்ணுக்குத் தெரியும் முகவரியோடு ஒத்துப்போகின்றனவா என்பதை மூன்றாவது பார்க்கிறது. வங்கியின் பெயரில் வந்த மடலில் 'ஃபெயில்' என்று இருந்தால் அதை நம்பாதீர்கள்.

ஆனால் 'பாஸ்' என்று இருந்தால் மட்டும் மடல் நல்லதாகிவிடாது. வங்கியின் பெயரைப் போலவே ஒலிக்கும் இணைய முகவரி ஒன்றை மோசடிக்காரர் காசு கொடுத்து வாங்கினால், அந்த முகவரிக்கு மூன்று சோதனைகளும் 'பாஸ்' ஆகும். கடவுச்சொல் திருடப்பட்ட சாச்சாவின் கணக்கிலிருந்து வரும் மடலும் 'பாஸ்' ஆகும். முகவரி போலியா என்பதைத்தான் இந்தச் சோதனைகள் சொல்லும். ஆள் நல்லவரா என்று சொல்லாது.

முத்திரைகளைப் படிப்பது

தலைப்பகுதியில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள்தான் தபால் முத்திரைகள். மடல் கடந்துவந்த ஒவ்வொரு கணினியும் ஒரு வரியைச் சேர்க்கும். புதியது மேலே இருக்கும், பழையது கீழே இருக்கும். உதாரணமாக ஒரு வரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

ரிசீவ்ட்: ஃப்ரம் இன்ன கணினி (203.0.113.25), பை எம்எக்ஸ்.கூகுள்.காம், 14 ஜனவரி, 09:12:40 -0800

இந்த ஐபி எண் விளக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது, யாருக்கும் சொந்தமில்லை. 203.0.113.25 என்ற எண்ணுள்ள கணினியிடமிருந்து கூகுளின் கணினி மடலைப் பெற்றது என்பது இந்த வரியின் பொருள். கடைசியில் இருக்கும் -0800 என்பது நேர வலயம். இந்திய நேரத்தில் இது அன்று இரவு 10 மணி 42 நிமிடம். புகாரில் நேரத்தைக் குறிப்பிடும்போது இந்த வலயத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரே ஐபி எண்ணை இணைய நிறுவனங்கள் வேளைக்கு ஒரு வாடிக்கையாளருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கின்றன. நேரம் தவறினால் சம்பந்தமில்லாத ஒருவர் சந்தேகத்துக்கு ஆளாவார்.

எல்லா வரிகளையும் ஒரே அளவில் நம்பக் கூடாது. மோசடிக்காரர்கள் கீழ்ப்பகுதியில் பொய்யான 'ரிசீவ்ட்' வரிகளைத் தாங்களே எழுதி அனுப்புவது உண்டு. உங்கள் மின்னஞ்சல் நிறுவனம் வெளியிலிருந்து மடலைப் பெற்றபோது எழுதிய வரி மட்டுமே உறுதியானது. அதை முதலில் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே போகப் போக நம்பகம் குறையும். 10, 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகங்களுக்குள் மட்டும் புழங்குபவை. அவற்றை வைத்து வெளியில் யாரையும் தேட முடியாது.

ஐபி எண் யாருடையது?

உலகின் ஐபி எண்களை ஐந்து பதிவகங்கள் பகிர்ந்து கொடுக்கின்றன. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்னிக். ஐரோப்பாவுக்கும் வளைகுடா உள்ளிட்ட மத்திய கிழக்குக்கும் ரைப். வட அமெரிக்காவுக்கு அரின். லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்னிக். ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரினிக். இவற்றின் 'ஹூ இஸ்' பக்கத்தில் எண்ணைக் கொடுத்தால், அது எந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது என்று இலவசமாகக் காட்டும். அதே பக்கத்தில் 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். புகார்களுக்கென்று 'அப்யூஸ்' என்ற பெயரில் ஓர் அஞ்சல்பெட்டி வைத்திருக்க வேண்டும் என்பது 1997இலேயே இணைய நெறிமுறையாக எழுதப்பட்டது.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். கிடைப்பது நிறுவனத்தின் பெயர், ஆளின் பெயரல்ல. 'ஐபி எண்ணைக் கொடுத்தால் ஊரைக் காட்டுவோம்' என்னும் தளங்கள் காட்டும் ஊரும் பல நேரம் தவறாகவே இருக்கும். தவிர, குப்பை மடல்கள் பல வைரஸ் புகுந்த அப்பாவிகளின் கணினிகள் வழியாகப் போகின்றன. கணினியின் சொந்தக்காரருக்கே அது தெரியாது. ஜிமெயில் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட மடலில் எழுதியவரின் ஐபி எண் இருக்காது, கூகுளின் எண்ணே இருக்கும். அந்த நேரத்தில் அந்த எண்ணையோ கணக்கையோ யார் பயன்படுத்தினார் என்பதைக் காவல்துறை முறைப்படி கேட்டால்தான் நிறுவனங்கள் சொல்லும். ஆகவே நம் தேடல் நிறுவனத்தின் வாசலோடு நிற்க வேண்டும். ஆளின் பெயரை ஊகித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது நம்மையே வழக்கில் மாட்டிவிடும்.

யாரிடம் புகார் செய்வது?

முதலாவது, உங்கள் மின்னஞ்சல் நிறுவனம். வெறும் விளம்பரத் தொல்லையானால் 'ரிப்போர்ட் ஸ்பேம்', கடவுச்சொல்லையோ பணத்தையோ குறிவைக்கும் மடலானால் 'ரிப்போர்ட் ஃபிஷிங்'. இது வெறும் சடங்கல்ல. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் மடல் அனுப்புவோர் மீது வரும் ஸ்பேம் புகார்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் விதி வைத்திருக்கிறது. ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே அனுப்புபவருக்குச் சிக்கல்.

இரண்டாவது, மடல் கிளம்பிய வலையமைப்பின் 'அப்யூஸ்' முகவரி. கோபமோ கதையோ வேண்டாம். ஐபி எண், தேதி, நேரம், நேர வலயம் ஆகியவற்றுடன், "உங்கள் வலையமைப்பிலிருந்து இந்த மோசடி மடல் வந்துள்ளது" என்று ஒரே வரி போதும். மடலை 'ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்' முறையில் இணைத்தால் தலைப்பகுதி முழுதாகப் போய்ச்சேரும். உங்கள் முகவரி குற்றவாளியின் கையில் சேரலாம் என்று அஞ்சினால், இதற்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை சிரமமாகத் தோன்றினால் ஸ்பேம்காப் என்ற இலவசச் சேவை இருக்கிறது. 1998 முதல் இயங்கும் இது இப்போது சிஸ்கோ நிறுவனத்தின் வசம் உள்ளது. தலைப்பகுதியுடன் மடலை ஒட்டினால், பொய் வரிகளைக் கழித்துவிட்டு, புகாரை உரியவர்களுக்கு அனுப்ப வழி செய்யும்.

மூன்றாவது, போலி இணையதளத்துக்கு இழுக்கும் மடலானால், அந்த இணைய முகவரியை விற்ற பதிவாளர். இவரையும் 'ஹூ இஸ்' பக்கத்தில் காணலாம். ஃபிஷிங் புகாருக்கு ஆதாரம் இருந்தால் பதிவாளர்கள் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் ஐகான் அமைப்பின் ஒப்பந்த விதி.

நம் ஒரு புகாரால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்கோலோ என்றொரு நிறுவனம், ஸ்பேம் கும்பல்களின் கணினிகளுக்கு இடம் கொடுத்துவந்தது. புலனாய்வுச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸும் பாதுகாப்பு ஆய்வாளர்களும் சேர்த்துவைத்த ஆதாரங்களைப் பார்த்து, அதற்கு இணைய இணைப்பு கொடுத்த நிறுவனங்கள் 2008 நவம்பர் 11 அன்று இணைப்பைத் துண்டித்தன. அடுத்த நாளே உலகில் ஓடிய குப்பை மடல்களின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. சில மாதங்களில் கும்பல்கள் வேறு இடம் தேடிக்கொண்டன என்பதும் உண்மை. ஆனால் ஆதாரத்துடன் சரியான வாசலைத் தட்டினால் கதவு திறக்கும் என்று அன்று தெரிந்தது.

பணம் போயிருந்தால்

அப்போது ஐபி எண்ணைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இந்தியாவில் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிப் போகும். அது ஏதேனும் ஒரு வங்கியில் நிற்கும்போதே முடக்கிவைப்பதற்காகத்தான் இந்த எண் இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் மோசடிக்காரருக்கு லாபம். வங்கிக்கும் அதே நேரத்தில் தெரிவித்து, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். ஓடிபியை நாமே சொல்லியிருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொல்கிறது.

பிறகு 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' என்ற அரசுத் தளத்தில் எழுத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். மடலின் முழுத் தலைப்பகுதி, பணம் அனுப்பிய ரசீது, பரிவர்த்தனை எண், அவர்கள் கொடுத்த கணக்கு எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் இணையுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நேரில் கொடுக்கலாம். பழைய பதிவுகள் எப்போதும் இருக்காது. கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதே செர்ட்-இன் அமைப்பு 2022இல் இட்ட உத்தரவு. வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்தால் தடயம் அழிந்துபோகும்.

பிறர் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் குற்றம். இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொல்லை தரும் மடல்களையும் தண்டித்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே வெறும் விளம்பர மடலுக்காகக் காவல் நிலையம் போவதில் பயனில்லை. பொத்தானும் 'அப்யூஸ்' முகவரியும் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டிலேயே புகார் செய்ய வேண்டும். துபாயில் காவல்துறையின் 'இ-கிரைம்' தளம், அபுதாபியில் 'அமான்' சேவையின் 8002626, சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997, இலங்கையில் 101 ஆகியவை இதற்கானவை.

வீட்டில் பேச வேண்டியது

வீட்டில் அனைவரின் மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்குங்கள். கடவுச்சொல் திருடு போனாலும், உங்கள் பெயரில் உறவினர்களை ஏமாற்றுவது கடினமாகும். வெளிநாட்டு வேலை என்று மடல் வந்தால், அந்த ஏஜென்ட்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிவாசல், மத்ரஸா பெயரில் நன்கொடை கேட்டு வந்தால் நிர்வாகிகளை நேரில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உண்மையான தேவை ஒரு நாள் விசாரிப்பதால் கெட்டுப்போகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏமாந்தவரை வீட்டில் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் பெரியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் நாட்கணக்கில் மறைக்கிறார்கள். பணத்தை முடக்கக் கிடைத்த நேரம் அந்த மௌனத்திலேயே கரைகிறது. "என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்" என்று இன்றே சொல்லிவையுங்கள். 1930 என்ற எண்ணையும் எல்லோருடைய போனிலும் பதிந்துவையுங்கள்.